பேரன் வருகிறான்: நன்னாவின் காரில் அவனுக்கு எங்கே இடம்?

ஷார்ஜாவிலிருந்து வரும் விமானம் அதிகாலையில் கோவையில் இறங்குகிறது. நன்னாவும் நன்னியும் இரவெல்லாம் தூங்காமல் காரை எடுத்துக்கொண்டு பீளமேட்டுக்குப் போய் நிற்கிறார்கள். மகள் தள்ளுவண்டியோடு வெளியே வருகிறாள். ஒன்றரை வயதுப் பேரன் முதலில் நன்னியை முறைத்துப் பார்க்கிறான், பிறகு சிரிக்கிறான். பெட்டிகள் டிக்கியில் ஏறுகின்றன. நன்னி முன் சீட்டில் அமர்ந்து, பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். ஆறு மாதமாக வீடியோ அழைப்பில் மட்டுமே பார்த்த பிள்ளை. அந்த மடிக்கு யார் தடை சொல்ல முடியும்?

நமக்குத் தெரிந்த ஒரு குனியமுத்தூர் குடும்பத்தில் சென்ற விடுமுறையில் இப்படித்தான் நடந்தது. சுங்கம் தாண்டியதும் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. நன்னா பிரேக்கை அழுத்தினார். வேகம் 30, மிஞ்சிப்போனால் 35 இருக்கும். எந்த வண்டியிலும் மோதவில்லை. ஆனால் குழந்தை மடியிலிருந்து நழுவி டேஷ்போர்டில் முகம் பட்டு, உதடு கிழிந்தது. வீட்டுக்குப் போக வேண்டிய கார் ஆஸ்பத்திரிக்குப் போனது. மூன்று தையல். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று. “அஞ்சு பிள்ளைங்கள மடியில வெச்சே வளத்தேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆனதில்லைங்க” என்று அந்த நன்னி நம்மிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் காரே இல்லை, இருந்தாலும் சாலையில் இவ்வளவு வேகம் இல்லை.

இதே குழந்தை ஷார்ஜாவில் கார் சீட் இல்லாமல் ஒரு நாளும் வண்டியில் போனதில்லை. அமீரகத்தில் 2017 ஜூலை முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மீறினால் 400 திர்ஹம் அபராதம். அங்கே அபராதத்துக்குப் பயந்து வாங்கிய சீட், கோவைக்கு வந்ததும் ‘ஊர்லதானே’ என்று மறந்துபோகிறது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. போலீஸ் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மடி ஏன் போதாது?

பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. “நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேனே!” பிடிக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் எதுவும் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். இரண்டு வயதுக் குழந்தை ஏறக்குறைய 12 கிலோ. அந்த 12 கிலோவை அந்தக் கண நேரத்தில் தடுத்து நிறுத்த 200 கிலோவுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் பலம் வேண்டும். அதாவது நான்கு மூட்டை சிமென்ட். நன்னி கையில் பிடிக்கக்கூடியதா அது? பெல்ட் போடாத நன்னியின் மடியில் இருந்தால் இன்னும் மோசம். அவருடைய முழு எடையும் குழந்தையை முன்னால் வைத்து நசுக்கும். பெரியவரும் குழந்தையும் ஒரே பெல்ட்டுக்குள் போவதும் இதே ஆபத்துதான்.

“எங்க கார் ஃபைவ் ஸ்டார்” என்பவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனி நட்சத்திரம் தருகிறார்கள். 18 மாதக் குழந்தை அளவிலும் 3 வயதுக் குழந்தை அளவிலும் பொம்மைகளைச் செய்து, அவற்றைக் குழந்தை இருக்கையில் கட்டி வைத்துத்தான் காரை மோதிப் பார்க்கிறார்கள். மடியில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த நட்சத்திரம் மடியில் இருக்கும் குழந்தைக்கானது அல்ல.

சரியாகப் பொருத்திய இருக்கை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு மதிப்பீடு சொல்கிறது. கார் விபத்துகளில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதமும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் உயிரிழப்பை 54 சதவீதமும் அது குறைக்கிறது. ‘சரியாகப் பொருத்திய’ என்பதை இருமுறை படியுங்கள். கடையில் விலை அதிகமான சீட்டைத் தேடுவதைவிட, நன்னாவின் காரில் ஆடாமல் உட்காரும் சீட்டைத் தேடுவதே முக்கியம். அதனால் நாம் சீட்டிலிருந்து தொடங்காமல் காரிலிருந்து தொடங்குகிறோம்.

முதலில் காரைப் பாருங்கள்

மகன் வைத்திருப்பது புதுக் கார். நன்னாவின் கார் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடியது. வாரம் இரண்டு நாள் ஜும்ஆவுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வரும் ஆல்டோ, வேகன் ஆர், பழைய இண்டிகா. ஓடாத காரின் பெல்ட் பல வீடுகளில் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். மேலே அழகான சீட் கவர் வேறு. கவரைக் கழற்றி பெல்ட்டையும் பக்கிளையும் வெளியே எடுங்கள். பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். நைந்திருந்தாலோ, சுருண்டு உள்ளே போகாவிட்டாலோ, சீட் வாங்கும் முன் அதை மாற்ற வேண்டும்.

அடுத்து, பின் சீட்டில் முதுகுப் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். சுமார் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கொக்கிகள் தட்டுப்பட்டால், அதுதான் ஐசோஃபிக்ஸ். குழந்தை இருக்கையின் அடியில் உள்ள இரண்டு கரங்கள் அந்தக் கொக்கியில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், பச்சை நிறம் காட்டும். தவறாகப் பொருத்த வாய்ப்பு குறைவு என்பதால் பெரியவர்களுக்கு இது வசதி. பழைய காரில் இது இருக்காது. இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று முனை பெல்ட், அதாவது இடுப்பிலும் தோளிலும் குறுக்கே வரும் பெல்ட் இருந்தால், அதை வைத்துப் பொருத்தும் சீட் வாங்கலாம். அதுவும் பாதுகாப்பானதே. ஐசோஃபிக்ஸ் மட்டுமே உள்ள சீட்டை, கொக்கி இல்லாத காருக்கு வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். இணையத்தில் தள்ளுபடி பார்த்து இப்படி வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பியவர்களை நமக்குத் தெரியும்.

பின் சீட்டின் நடுவில் பல கார்களில் இடுப்புக்கு மட்டும் வரும் பெல்ட்தான் இருக்கும். பெரும்பாலான குழந்தை இருக்கைகளுக்கு அது உதவாது. நம் ஊருக்கு ஏற்றது பின் சீட்டின் இடதுபுறம். சாலையின் இடது ஓரமாக நிறுத்தும்போது, குழந்தையை வண்டிகள் வராத பக்கமாக இறக்கலாம். ஓட்டும் நன்னாவின் சீட்டையும் முன்னால் நகர்த்த வேண்டியதில்லை. நன்னி பின்னால், குழந்தையின் வலதுபுறம் உட்காரலாம். முன் சீட்டுக்குப் போட்டி போடும் பழக்கத்தை அவர் கொஞ்ச நாள் விட்டுத்தர வேண்டியிருக்கும்!

முன் சீட்டைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பின்புறம் பார்க்கும்படி வைக்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரிவது குழந்தையின் தலைக்குப் பின்னால் சம்மட்டி அடித்தது போல. வெயில் மறைக்கும் தட்டில் சிவப்புக் கோடு போட்ட குழந்தைப் படம் ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

இனி சீட்

ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாம் சொல்வது, பின்புறம் பார்த்தும் முன்புறம் பார்த்தும் வைக்கக்கூடிய வகை. கடையில் ‘கன்வர்டிபிள்’ என்று கேட்டால் தருவார்கள். பிறந்ததிலிருந்து 18 கிலோ வரை என்று அதில் எழுதியிருக்கும். நம் குழந்தைகள் 18 கிலோ எட்டுவதற்கு நான்கு, நான்கரை வயதாகிவிடும். விடுமுறைக்கு விடுமுறை வரும் பேரனுக்கு ஒரே சீட் நான்கு வருடம் வரும்.

‘பின்புறம் பார்த்து’ என்றதும் பாட்டிமார்களுக்குப் பிடிப்பதில்லை. “பிள்ளை முகம் தெரியாதே, காலை மடக்கிக்கிட்டு கஷ்டப்படுமே” என்கிறார்கள். சின்னக் குழந்தையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. கழுத்தெலும்பு இன்னும் கெட்டிப்படாதது. முன்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தால், மோதும்போது உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் வீசப்படும், கழுத்துதான் தாங்கவேண்டும். பின்புறம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சீட்டின் முதுகு மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். கால் மடங்குவது குழந்தைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சம்மணம் போட்டு மணிக்கணக்கில் விளையாடுபவர்கள்தானே. ஐரோப்பிய ‘ஐ-சைஸ்’ விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை பின்புறம் பார்க்க வைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், சீட்டுக்குரிய எடை, உயர வரம்பு வரும்வரை பின்புறமே வையுங்கள் என்கிறது. ஒன்றரை வயதுப் பேரன் பின்புறம் பார்த்துத்தான் போகவேண்டும் என்பது நமது கருத்தும்.

ஆனால் இங்கே சின்னக் கார் குறுக்கே வருகிறது. பின்புறம் பார்க்கும் சீட் முன்னும் பின்னும் அதிக இடம் பிடிக்கும். முன் சீட்டை நகர்த்த வேண்டிவரும். பெல்ட்டும் சீட்டைச் சுற்றிவரக் கூடுதல் நீளம் வேண்டும். சில பழைய கார்களில் அது எட்டுவதே இல்லை. ஆகவே சீட் வாங்கப் போகும்போது நன்னாவின் காரையே கடைக்குக் கொண்டுபோங்கள். மாடல் சீட்டை வெளியே எடுத்துவந்து காரில் வைத்துப் பார்க்க விடும் கடையில் வாங்குங்கள். விடாத கடை வேண்டாம்.

சீட்டின் மேல் என்ன முத்திரை இருக்க வேண்டும்? இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. ஐரோப்பியத் தரத்தில் ஆரஞ்சு நிற ஒட்டி இருக்கும். அதில் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் ஒரு எண்ணும், ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற குறிப்பும் இருக்கும். ஆர் 44 எடையைக் கொண்டு பிரிக்கிறது, புதியதான ஆர் 129 உயரத்தைக் கொண்டு பிரிக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாத சீட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வாங்க வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்குள் துணி மெத்தையில் நாலு வார் தைத்து ‘டிராவல் கார் சீட்’ என்று விற்கிறார்கள். அது குழந்தையை நேராக உட்கார வைக்குமே தவிர, மோதலில் எதையும் தாங்காது. தரமான உள்நாட்டு சீட் ஐந்தாறு ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அகீகா விருந்தில் ஒரு பந்திக்கு ஆகும் செலவு அது.

நன்னியின் விரல்களும் ஒரு கணக்கு

வாங்குபவர் மகனாக இருக்கலாம். தினமும் மாட்டிக் கழற்றப் போகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர். குழந்தை தானாகக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்த சிவப்புப் பொத்தானை வேண்டுமென்றே கடினமாகச் செய்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி அதை அழுத்த ஏறக்குறைய 4 முதல் 8 கிலோ அழுத்தம் தேவை. மூட்டுவலி உள்ள விரலுக்கு இது சாதாரணமில்லை. கடையிலேயே நன்னியை ஐந்து முறை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் வேறு மாடல் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்ட முடியாத பக்கிள் இரண்டாம் நாளே மாட்டப்படாத பக்கிள் ஆகிவிடும்.

கதவுப் பக்கம் திரும்பும் சுழல் சீட்டுகளும் வந்துவிட்டன. இடுப்புவலிக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. குனிந்து உள்ளே நுழையாமல் குழந்தையை வைக்கலாம். விலை கூடுதல், பெரும்பாலும் ஐசோஃபிக்ஸ் வேண்டும், எடையும் அதிகம்.

பெல்ட் கொண்டு பொருத்தும் சீட்டை நன்னா தினமும் கழற்றி மாட்டக் கூடாது. மகனோ மருமகனோ ஒருமுறை நன்றாகப் பொருத்திவிட்டால், விடுமுறை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். பொருத்தும்போது முட்டியை சீட்டில் ஊன்றி அழுத்தி, அதே நேரத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். நம் ஊர்க் கார்களின் பெல்ட் சட்டென்று இழுத்தால் மட்டும்தான் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு சீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தபின், பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் மீண்டும் இறுக்க வேண்டும்.

குழந்தையைக் கட்டும் ஐந்து முனை பெல்ட்டில் இரண்டு விஷயம். தோள் வார், பின்புறம் பார்க்கும்போது தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்புறம் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பின் தோளருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் தளர்வு. ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போகும்போது தடிமனான ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு மேலே பெல்ட் கட்டாதீர்கள். பெல்ட்டைக் கட்டிவிட்டு, ஸ்வெட்டரை மேலே போர்த்துங்கள்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவரலாமா?

தாராளமாக. குழந்தைக்குப் பழகிய சீட் என்பதே பெரிய வசதி. கைக்குழந்தையோடு பயணிப்பவர்களுக்கு கார் சீட்டைக் கட்டணமில்லாமல் ஏற்றும் விமான நிறுவனங்கள் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். அங்கே ஐசோஃபிக்ஸில் மாட்டியிருப்பீர்கள். நன்னாவின் காரில் அது இல்லையென்றால், பெல்ட்டிலும் பொருத்த முடியுமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள். இறங்கியதும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; பெல்ட்டில் வரும் சாமான்கள் படும் பாடு நமக்குத் தெரியும்.

சொந்தக்காரர் வீட்டுப் பழைய சீட்டை வாங்கிக்கொள்வதிலும் தவறில்லை, இரண்டு கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால். அது எப்போதாவது விபத்தில் பட்டதா? எந்த வருடம் செய்தது? விபத்தில் பட்ட சீட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பலம் இழந்திருக்கும். பிளாஸ்டிக்கும் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் நொய்ந்துவிடும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 6 முதல் 10 வருட ஆயுள்தான் சொல்கிறார்கள். தேதி சீட்டின் அடியில் அச்சாகியிருக்கும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சீட்டை, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அழுதால்?

அழும். ஊரிலேயே வளரும், சீட் பழகாத குழந்தை நிச்சயம் அழும். சீட்டை வாங்கியதும் இரண்டு நாள் வீட்டு ஹாலில் போட்டு வையுங்கள். அதில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னட்டும். பிறகு உக்கடம் வரை, கரும்புக்கடை வரை என்று சின்னச் சின்னப் பயணம். “அழுவுறான், எடுத்துக்கிறேனே” என்று ஓடும் காரில் ஒருமுறை எடுத்துவிட்டால், அழுதால் எடுப்பார்கள் என்று அவன் கற்றுக்கொள்வான். ஓரமாக நிறுத்தி, இறங்கி, சமாதானம் செய்து, மறுபடி மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் எதிரே லாரி வரிசையாக வரும்போது கதறும் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பதைவிடப் பத்து நிமிடம் தாமதமாவது மேல்.

“அல்லாஹ் பாத்துக்குவான்” என்று சொல்லும் பெரியவர்களிடம் நாம் வாதம் செய்வதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றி நமக்குச் சொல்லித் தந்ததே அவர்கள்தான். பயணத் துஆ ஓதி முடிக்கும் நேரத்தில் ஐந்து முனை பெல்ட்டையும் நிதானமாக மாட்டிவிடலாம். அந்தக் குனியமுத்தூர் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. நன்னி பின் சீட்டில் உட்கார்ந்து மாட்டுகிறார், நன்னா முன்னால் ஓதுகிறார். ‘டக்’ சத்தம் கேட்கும்வரை சாவியைத் திருப்புவதில்லை.

கோடையில் ஒரு எச்சரிக்கை. சித்திரை வெயிலில் நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி சூடேறிவிடும். இரும்புப் பக்கிள் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். நிறுத்திவிட்டுப் போகும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போட்டு மூடுங்கள்; ஏற்றும் முன் பக்கிளைக் கையால் தொட்டுப் பாருங்கள். தூங்குகிறானே என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டு, பால் வாங்கும் இரண்டு நிமிடத்துக்குக்கூட இறங்கிப் போகக் கூடாது.

கார் இல்லாத வீடுகளே நம்மில் அதிகம் என்பதையும் மறக்கவில்லை. ஸ்கூட்டரில் குழந்தையை ஏற்றுவதற்கும் மத்திய அரசு விதி உண்டு. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் தலைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

விடுமுறை முடிந்து பேரன் விமானம் ஏறியதும் சீட்டைப் பரணில் போடும் முன் துணியுறையைக் கழற்றித் துவைத்துக் காயவையுங்கள். கையேட்டை ஒரு கவரில் போட்டு சீட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வாங்கிய மாதம், வருடத்தை மார்க்கரில் எழுதுங்கள். அடுத்த முறை அவன் வரும்போது இரண்டரை வயது இருக்கும். தோள் வாரை ஒரு படி மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.